பெட்டிக்கு வந்த துக்கம்

மேலப்புளியூரில் மைக் செட் வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: வெள்ளையப்பன், மாசானம், கொம்பையா. மூவருக்கும் பொதுவாக ஒரு மூளை இருந்தது. அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம் வரும்.

வெள்ளையப்பனுக்குத் தாய்மாமன் மகள் பேச்சித்தாயின் மேல் ஆசை. மாமா உச்சிமாகாளி ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டார்: "கோயில் கொடை அன்னைக்குக் காலையிலேர்ந்து உச்சி வரைக்கும் எவன் அசராம நிக்கிறானோ, அவனுக்குத்தான் எம் பொண்ணு."

நிற்காமல் பாட்டுப் போட்டால் அதுதான் அசராமல் நிற்பது என்று முடிவுகட்டிய வெள்ளையப்பன், மற்ற இருவரோடும் உடனே டவுனுக்குப் போய், இருந்ததையெல்லாம் விற்றுப் புது ஆம்ப்ளிபயர் பெட்டி வாங்கினான். கடைக்கார அண்ணாச்சி மூடியைக் கழற்றிப் பொறுமையாக விளக்கினார்.

"இது டிரான்ஸ்பார்மர். வர்ற கரண்டைப் பக்குவம் பண்ணும். இந்த ரெண்டு டப்பாவும் கெப்பாசிட்டர், தண்ணித் தொட்டி மாதிரி கரண்டை நிரப்பி வெச்சுக்கிடும். நிரம்புறப்போ மடமடன்னு இழுக்கும். அதனால பட்டனைச் சும்மா சும்மா தட்டக் கூடாது. தட்டின உடனே பாடாது. உள்ளே எல்லாம் சரியான்னு பார்த்துட்டு 'டக்'குன்னு ஒரு சத்தம் போடும். அப்புறந்தான் ஸ்பீக்கருக்கு வழிவிடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு பாட்டைப் போடுங்க."

"இந்தக் கண்ணாடிக் குழாய்?" என்றான் கொம்பையா.

"ஃபியூஸ். கரண்டு அதிகமானா இது தன் உயிரைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாத்தும். போயிட்டா அதே மாதிரி இன்னொண்ணை வைங்க. பெட்டியை ஈரக் கையால தொடாதீங்க."

மூவரும் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்தார்கள்.

கொடைத் திருவிழா அன்று காலை, 'டக்' கேட்பதற்காக வெள்ளையப்பன் மேளத்தை நிறுத்தச் சொன்னான். கொம்பையா பலி ஆட்டின் வாயைப் பொத்திக்கொண்டான். ஊரே மூச்சை அடக்கியது. வெள்ளையப்பன் பட்டனைத் தட்டினான்.

டக்.

"கேட்டுச்சா?" என்றான் வெள்ளையப்பன்.

"நல்லாக் கேட்டுச்சு" என்றான் கொம்பையா.

"எனக்குக் கேக்கலியே" என்றான் மாசானம். பாட்டுச் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்று விடிகாலையிலேயே இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தான் அவன்.

"அணைச்சுட்டு மறுபடி தட்டுலே. மூணு பேருக்கும் கேக்கணும்லா?" என்றான் கொம்பையா.

"சும்மா சும்மா தட்டக் கூடாதுன்னாரே அண்ணாச்சி!" என்றான் மாசானம்.

"சும்மாவா தட்டுதோம்? உனக்காகத்தானே தட்டுதோம்!"

பதினோரு தடவை தட்டினார்கள். மாசானம் பதினோரு தடவை இல்லையென்று தலையை ஆட்டினான். பன்னிரண்டாவது தடவை யாருக்குமே எதுவும் கேட்கவில்லை. கொம்பையா ஃபியூஸை எடுத்துப் பார்த்தான். கண்ணாடி கறுத்திருந்தது.

"உயிரைக் கொடுத்துட்டுது" என்றான் மெதுவாக.

வெள்ளையப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மேளக்காரர்களும் விஷயம் தெரியாமல் கூடவே அழுதார்கள்.

"என்னலே வெள்ளையா, பாட்டைக் காணோம்?" என்று உச்சிமாகாளி வந்தார்.

"துக்கம் மாமா. பெட்டியில ஒரு உயிர் போயிட்டுது. துக்க வீட்டுல எப்படிப் பாட்டுப் போடுறது?"

அவர் தலைப்பாகையைக் கழற்றினார். "வயசு என்ன இருக்கும்?"

"நேத்துதான் வாங்கினது."

"அடப்பாவமே, பச்சை மண்ணு!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குள் பாட்டு வரவில்லை என்றால் பேச்சித்தாய் இல்லை. ஆகவே மற்றதையெல்லாம் அவசரமாக முடித்தார்கள். ஃபியூஸுக்கு மாலை போட்டு வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். மூவரும் குளத்தில் முழுகி எழுந்தார்கள்.

"நாம குளிச்சு என்ன பிரயோசனம்?" என்றான் மாசானம். "துக்கம் பெட்டிக்குத்தானே வந்திருக்கு!"

சரியான கேள்வி. அன்று மூளை அவனிடம்தான் இருந்தது போலிருக்கிறது. பெட்டியை மணையில் உட்காரவைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள்.

பிறகு அதே மாதிரி இன்னொன்றைத் தேடினார்கள். நீளம் சரியாக, பளபளவென்று, பந்தல்காலில் ஓர் ஆணி இருந்தது. அதைப் பிடுங்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினார்கள்.

"நில்லு!" என்று கத்தினான் வெள்ளையப்பன். "ஈரக் கையால தொடக் கூடாது!"

மூவரும் விரல் விரலாகக் கையைத் துடைத்தார்கள். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையப்பன் பட்டனைத் தட்டினான்.

இந்த முறை மாசானத்துக்கே கேட்டது. ஆனால் அது 'டக்' இல்லை, 'டமார்'. புகை கோயில் கோபுரத்துக்கு மேலே போயிற்று. டிரான்ஸ்பார்மர் கரியானது, தொட்டிகள் இரண்டும் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்தன.

புகை அடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொம்பையா துழாவி ஆணியை எடுத்தான். அது அப்படியே பளபளத்தது.

"ஏலே, ஆணிக்கு ஒண்ணும் ஆகல! பெட்டி தன் உயிரைக் கொடுத்து ஆணியைக் காப்பாத்திருக்கு!"

உச்சிமாகாளி வானத்தைப் பார்த்தார். சூரியன் நேர் உச்சியில் இருந்தது. ஆணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஆளாளுக்கு அழுதிய, குளத்துல விழுந்திய. பந்தல்லயும் பெட்டியிலயும் அசராம நின்னது இது ஒண்ணுதான். நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்."

வெள்ளையப்பன் மறுபடியும் துண்டை வாய்க்குக் கொண்டுபோனான். ஆனாலும் அவன் நியாயம் தெரிந்தவன். "சரிதான் மாமா" என்றான்.

"குடிக்காது, எதுத்துப் பேசாது" என்றாள் கூட்டத்தில் நின்ற பேச்சித்தாய். "எனக்குச் சம்மதம்."

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். வெள்ளையப்பனே மாப்பிள்ளைத் தோழன் என்று முடிவாயிற்று.

"அப்ப கல்யாணத்துக்கு நம்ம மைக் செட்டுதானே?" என்றான் மாசானம், பஞ்சை எடுத்துவிட்டு.

வெள்ளையப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தான்.

"கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுலே. மாப்பிள்ளை பெட்டிக்குள்ள போய் உக்காந்துட்டா, தாலியை யாரு கட்டுறது?"