பந்தை விட்டுக்கொடுத்த காட்டுப்பன்றி

முதுமரக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. கால்பந்து அந்தக் காட்டுக்கு வந்த முதல் ஆண்டு அது. இலவம்பஞ்சை அடைத்துக் கொடியால் பின்னிய பந்து. ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு தேக்கு மரங்கள். கடிக்கக் கூடாது, குத்தக் கூடாது என்பதைத் தவிர வேறு விதி கிடையாது.

கல்லூரி அணியின் தலைவன் காட்டுப்பன்றி. பெரிய பலசாலி. பந்து கிடைத்தால் யாருக்கும் தரமாட்டான். அவனைப் பார்த்து முயல், கீரி, நரி எல்லாரும் அப்படியே ஆடினார்கள். ஒரே பந்துக்காகத் தங்களுக்குள்ளேயே இடித்துக்கொண்டார்கள்.

அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். நான்காவதில் முயலின் கால் ஒடிந்தது. கல்லூரி முதல்வரான கரடியார், அடுத்த ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆட்டமோ மலைமேட்டுக் காட்டெருமைகளோடு! அந்த ஆண்டு அவர்களை வென்றவர் எவரும் இல்லை. பத்துப் பேரும் தோளோடு தோள் சேர்ந்து சரிவில் இறங்கி வந்தபோது நிலம் அதிர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த குரங்குகள்கூட வாயடைத்துப் போய்விட்டன.

முதல் பாதியில் எருமைகள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளையில், முயலுக்குப் பதிலாக ஆட வந்திருந்த சருகுமான் மெல்லப் பேசினாள்.

"தலைவரே, பந்து போகும் இடத்துக்கே பத்து எருமைகளும் போகிறார்கள். மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. பந்து கிடைத்ததும் விட்டுவிடுங்கள்."

"பாடுபட்டுப் பிடித்த பந்தை நான் ஏன் விட வேண்டும்?"

"நம்மில் ஒருவருக்குத்தானே விடப் போகிறீர்கள்?"

கலையப் போகும் அணியைப் பன்றி ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு தலையசைத்தான்.

இரண்டாம் பாதியில் காடு அதுவரை காணாத ஆட்டத்தைக் கண்டது. கீரியிடமிருந்து நரிக்கு, நரியிடமிருந்து சருகுமானுக்கு, மீண்டும் நரிக்கு என்று பந்து ஓடியது. எருமைகள் திரும்புவதற்குள் அது வேறு பக்கம் போயிருந்தது. நரி ஒரு கோல் போட்டான்.

பொழுது சாயும் நேரம். பந்து பன்றியிடம் வந்தது. எதிரே கோல், அதை மறைத்தபடி பத்து எருமைகளும் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள். முட்டி மோதிப் போய்விடலாம் என்று அவன் உடம்பெல்லாம் துடித்தது. இடப்புறம் சருகுமான் தனியே நின்றாள். பன்றி பந்தை அவளிடம் தட்டிவிட்டான்.

மறுகணம் எருமைக் கூட்டம் அவனை உருட்டித் தள்ளியது. கோல் விழுந்ததை அவன் பார்க்கவில்லை. புழுதிக்குள் கிடந்தவனுக்கு முதலில் ஒரு பெரும் அமைதி கேட்டது. அடுத்து, காடு முழுவதும் எழுந்து ஆர்ப்பரித்தது.

எருமைத் தலைவன் வந்து பன்றியைத் தூக்கி நிறுத்தினான்.

"எத்தனையோ பலசாலிகளைத் தள்ளியிருக்கிறோம். இன்றைக்கு யாரைத் தள்ளுவதென்றே எங்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்லித் தலை தாழ்த்தினான். அவன் பின்னால் ஒன்பது பெரிய தலைகளும் தாழ்ந்தன.

நீதி: தன்னிடம் உள்ளதைத் தக்க நேரத்தில் தோழனிடம் விடத் தெரிந்தவனே கூட்டத்துக்குப் பலம்.