பெயரில்லாத மூன்று வரி

ஆசிரமத்துக்கு வரும் மெயில்களை மாதாஜிக்குப் படித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலைத் தட்டி அனுப்புவது சபாபதியின் வேலை. வங்கியில் மேலாளராக இருந்தவர். மாதாஜியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அதிகாரத்திலிருந்து பெறவில்லை.

அன்று காலை கொதித்துப்போய் வந்து நின்றார்.

மெயில் மென்பொருளில் ஓட்டையாம். ஒருவருக்குப் பதில் போட்டால், அதற்கு முன் திறந்த கடிதத்தின் வரிகளும் அடியில் ஒட்டிக்கொண்டு போகின்றனவாம். கனடாவில் யாரோ ஒருவர், இது என்னுடையது இல்லையே என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டு வைக்கிறார்கள். பாட்டு முடிந்தால் வெள்ளிக்கிழமை சரியாகிவிடும் என்கிறார்கள்.

"நம்பி எழுதுகிறவர்களின் அந்தரங்கத்தை இப்படிச் சந்தியில் போட்டுவிட்டதே, மாதாஜி. இதற்கு என்னதான் வழி?"

"என்ன போயிற்று?"

"மூன்று வரி. மகள், புருஷன் வீட்டுக்குத் திரும்பமாட்டேன் என்கிறாள், பரீட்சைக்குப் படிக்க வந்திருப்பதாகச் சொல்லிச் சமாளிக்கிறேன் என்று. நம்ம திலகவதி எழுதியது."

"பெயர் இருந்ததா?"

"நல்லவேளை, இல்லை."

"கனடாக்காரருக்குத் திலகவதியைத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

மாதாஜி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார்.

சபாபதிக்குச் சுருக்கென்றது. எச்சரிக்க வேண்டாமா? அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரும் பெண்கள் எல்லாருமே மெயில் போடுகிறவர்கள். அதனால்தான் கூடத்தில் போய் நின்று, இனி யாரும் எழுதாதீர்கள், திலகவதி மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கும் சமாசாரம்கூட வெளியே போய்விட்டது என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். பொறுப்பாக இருப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

மாதாஜி எழுந்து கூடத்துக்கு நடந்தார். சபாபதி பின்னால் போனார்.

திலகவதி அப்போதுதான் வந்திருந்தாள். அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, பரங்கிக்காயை எடுத்தாள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, வெல்லம் கரைந்த குரலில் கேட்டாள்.

"பொண்ணுக்குப் பரீட்சை எப்போ, திலகம்?"

இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

திலகவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாதி நறுக்கிய காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மாதாஜி கூப்பிட்டும் நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல், கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

சபாபதி தலையில் அடித்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா, மாதாஜி? எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஓட்டையால் வந்தது."

மாதாஜி அந்த அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார்.

"அதை வெள்ளிக்கிழமை சரிசெய்துவிடுவார்கள், சபாபதி. உங்களுக்கு எந்தக் கம்பெனிக்குப் போன் போடட்டும்?"