ஆளில்லாத இலைகள்

முன்னொரு காலத்தில் கருமலை நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மாற்றுவான்.

மலையில் கல் உடைப்பவர்கள் ஒருநாள் வந்து நின்றார்கள். "உடம்பு விட்டுப்போச்சு சாமி. அரைவயித்துக் கஞ்சிக்கு வழி பண்ணினா, ஓஞ்சு உட்காருவோம்" என்றார்கள்.

கணக்கதிகாரி பூதநாதர் சிரித்தார். "எனக்கு வயது எழுபத்திரண்டு. இன்றும் வேலை பார்க்கவில்லையா? இது சோம்பேறித்தனம், மகாராஜா."

"சரி. எந்தத் தொழிலானாலும் எழுபதுக்குப் பிறகுதான் ஓய்வு" என்றான் ராஜா.

மந்திரி தென்னவராயர் மறுக்கவில்லை. "நல்ல சட்டம். எழுபது கடந்தவர்களைத் தொழில்வாரியாக அழைத்து விருந்து வைப்போமே" என்றார். மந்திரியின் வாயால் தன் யோசனைக்குப் புகழ் கிடைத்ததில், அவர்மேல் எப்போதும் பொறாமைப்படும் பூதநாதருக்குத் தலைகால் புரியவில்லை.

விருந்தன்று புலவர்கள் வந்தார்கள், அர்ச்சகர்கள் வந்தார்கள், ஜவுளி வியாபாரிகள் வந்தார்கள். கல் உடைப்பவர்களுக்குப் போட்ட வரிசையில் மட்டும் இலைகள் காற்றில் படபடத்தன.

"நான் அழைத்தும் வரவில்லையா?" என்று ராஜா முகம் சிவந்தான்.

"ஒருவர் வந்திருக்கிறார், மகாராஜா" என்றார் மந்திரி.

இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க, கூன் விழுந்த ஒருவன் இருமிக்கொண்டே வந்தான். பெயர் பெரியாண்டி.

"பூதநாதரே, இவர் உங்களுக்கு மூத்தவரா?" என்று கேட்டார் மந்திரி.

"என் அண்ணன் வயதிருக்கும்" என்று பூதநாதர் குனிந்து கும்பிட்டார். "பெரியவரே, எத்தனை வயது?"

பெரியாண்டி மூச்சை இழுத்துப் பிடித்தான். "நாப்பத்தாறுங்க."

பூதநாதரின் கூப்பிய கை அப்படியே நின்றது.

"மகாராஜா பிறந்த வருஷம்தான் இவனும் பிறந்தான்" என்றார் மந்திரி மெதுவாக. "அந்த மலையில் இவனுக்கு மூத்தவர் இல்லை. கல்தூசி யாரையும் விட்டுவைக்கவில்லை."

ராஜா தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஒரு சுருக்கம் இல்லை.

அன்றே சட்டம் மாறியது. கல் உடைப்பவர்களுக்கு நாற்பதிலேயே ஓய்வு, வீடு தேடி அரிசி. மந்திரிக்கு முத்துமாலை. பூதநாதர் மலைக்குப் போய் வீடுவீடாக அந்த அரிசியை அளந்து கொடுக்க வேண்டுமென்று உத்தரவு.

"உனக்கு வேறென்ன வேண்டும்?" என்று பெரியாண்டியிடம் கேட்டான் ராஜா.

"படுத்துத் தூங்கணும் சாமி. படுத்தா மூச்சு நின்னுபோகுது. உட்கார்ந்தேதான் தூங்குறேன்."

அதற்கு ராஜாவிடம் எந்தச் சட்டமும் இல்லை.

முதல் அரிசியை அளக்கப் பூதநாதர் போனபோது, பெரியாண்டியின் மனைவி வாசலுக்கு வந்து முந்தானையை ஏந்தினாள். உள்ளே அவனைப் படுக்கவைத்திருந்தார்கள்.