ஆடு தொடாத தோட்டம்

இது கேள்விப்பட்ட கதை. சொன்னவரும் இன்னொருவர் சொல்லக் கேட்டவர்தான். அதனால் ராஜாவின் பெயர் வேறாக இருக்கலாம். ஆடு மட்டும் ஆடுதான்.

நெடுங்காட்டு ராஜா செவ்வந்திலிங்கத்துக்கு ஆடுகளைக் கண்டால் ஆகாது. அவர் ஆசையாக வைத்த தோட்டத்தை வைக்க வைக்க மொட்டையடித்துவிட்டன. "ஆடு தொடாத தோட்டம் வேண்டும்" என்றார். தோட்ட அதிகாரி உடையப்பர் வேலி நெடுக அரளி, பாதையோரம் ஊமத்தை, பந்தலில் குன்றிமணிக் கொடி என்று நட்டுத் தள்ளினார். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ராஜா பூரித்துப்போனார்.

"இந்தத் தோட்டத்தைக் குறை சொல்பவன் வாயைத் தைத்துவிடுவேன்."

அத்தனையும் விஷச் செடிகள் என்பது விகடகவி கூத்தபிரானுக்குத் தெரியும். மறுநாள் இளவரசியின் பிறந்தநாள். தோட்டத்தில் விளையாட அரண்மனைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அழைப்பு. அவர் மகள் தேனம்மைக்கு மூன்று வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். குன்றிமணியோ சிவப்பும் கறுப்புமாக மினுக்கித் தின்னக் கூப்பிடும். வாயைத் திறந்தால் வாய்க்குத் தையல். மூடிக்கொண்டால் மகள் பிழைப்பாளோ மாட்டாளோ.

சபையில் மெல்ல ஆரம்பித்தார். "அரசே, தங்கள் உணவை முதலில் ருசி பார்ப்பது யார்?"

"சமையல் அதிகாரி. இது தெரியாதா உனக்கு?"

"இளவரசி தோட்டத்தில் எதை வாயில் வைப்பாரோ. அங்கேயும் ஒருவர் முதலில் ருசி பார்ப்பதுதானே முறை?"

"நியாயம்தான். யாரைப் போடலாம்?"

"உடையப்பரை விட்டால் யார்? எல்லாச் செடியையும் பிள்ளை மாதிரி வளர்த்தவர்."

உடையப்பரின் முகம் வெளிறியது. "இன்று எனக்கு விரதம், அரசே."

"பிறந்தநாள் நாளைக்குத்தானே, ஓய்" என்றார் கூத்தபிரான்.

"பல்வலி வேறு."

"அரைத்துக் கொடுத்தால் போயிற்று."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "நாளை வரை எதற்கு? இப்போதே ருசி பார்க்கட்டும்" என்றார். அரளிப் பூ, ஊமத்தங்காய், குன்றிமணி எல்லாம் வெள்ளித் தட்டில் வந்தன. தட்டு மூக்கருகே வந்ததும் உடையப்பருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆடே தொடாததை மனுஷன் தின்பானா, அரசே?"

ராஜா தட்டைக் கிட்டே வாங்கிப் பார்த்தார். அவர் மடியிலிருந்த இளவரசி எட்டி ஒரு குன்றிமணியை எடுத்தாள். ராஜா அதைப் பிடுங்கி எறிந்தார்.

"என்ன கூத்தபிரான் இது?"

"தோட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அரசே. ஆடு தொடாது, அதிகாரியும் தொடமாட்டார். மிச்சம் குழந்தைகள்தான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது அடங்கவில்லை. அன்று மாலைக்குள் செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். கூத்தபிரானுக்குப் பட்டுச் சால்வை. தோட்ட அதிகாரி பதவி ஓர் ஆட்டுக்கு. அதை மேய்க்கும் வேலை உடையப்பருக்கு.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஆடு தொடாது என்று பெயரிலேயே சொல்லும் ஆடாதொடைச் செடி இருமலுக்கு மருந்து. அரளியையோ, பசி வந்தால் ஆடும் கடித்துவிட்டுச் செத்துப்போகிறது. எது விஷம் என்று ஆட்டுக்கும் சரியாகத் தெரியாது. ராஜா இரண்டாவது முறையும் தவறான ஆளைத்தான் அதிகாரியாக்கியிருக்கிறார்.