பாறைமுனைக்குப் புறப்பட்ட செம்பி ஆடு

கடற்கரையின் தென்கோடியில் இருந்த பாறைமுனையில் செம்பி ஆட்டின் தங்கை வாழ்ந்தது. முதல் ஈற்றிலேயே அது இரட்டைக் குட்டி போட்டிருப்பதாகச் சேதி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொழுது விடிந்ததும் கிளம்பிவிட்டது.

இடப்பக்கம் நீலக் கடல். வலப்பக்கம் தாழம்புதர்கள். அலைகள் ஓடிவந்து குளம்பை நனைத்துவிட்டுத் திரும்பின. தூரத்தில் மீன்கள் துள்ளி விழுந்தன.

"அடடா, என்ன அழகு! இதைத் தனியாகவா பார்ப்பது?" என்றது செம்பி.

"தனியாக ஏன் பார்க்க வேண்டும்? நான் வருகிறேன் அக்கா!" என்று மணல்மேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. மஞ்சள் கால்களுடன் ஆட்காட்டிப் பறவை நின்றிருந்தது. மழைக்காலத்தில் இரண்டும் ஒரே குளக்கரையில் மேயும் சிநேகிதிகள். பேசிக்கொண்டே நடந்தன.

கொஞ்ச தூரத்தில் கிழிந்த வலைத்துண்டு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அதற்குள் ஒரு நண்டு சிக்கித் தவித்தது. செம்பி நறுக் நறுக்கென்று நூலைக் கடித்துத் துப்பியது.

"பிழைத்தேன் அக்கா!" என்றது நண்டு. "எங்கே போகிறீர்கள்? பாறைமுனைக்கா? அங்கே எனக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்!"

"அப்படியானால் என் முதுகில் ஏறிக்கொள். ஆனால் கிள்ளக் கூடாது!"

மூன்றும் சிரித்துக்கொண்டே போயின.

தாழம்புதருக்குள் ஊளையன் என்ற நரி பதுங்கிப் பதுங்கிப் பின்தொடர்ந்தது. கொழுத்த ஆட்டைப் பார்த்து அதற்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் அது நெருங்கும்போதெல்லாம், "ஆள் வருது! ஆள் வருது!" என்று ஆட்காட்டி ஊரைக் கூட்டியது. உடனே செம்பி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி நின்றது.

'இந்தப் பறவை கூட இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. முதலில் இவர்களைப் பிரிக்க வேண்டும்' என்று நரி நினைத்தது.

நண்பகலில் செம்பி பனை நிழலில் படுத்தது. நண்டு ஈர மணலைத் தேடிப் போனது. ஆட்காட்டி புழு பொறுக்கச் சென்றது. நரி முதலில் பறவையிடம் போனது.

"பாவம் நீ! உனக்காகச் சொல்கிறேன். உன் சத்தத்தில் காது கிழிகிறதாம். உன்னை எப்போது கழற்றிவிடலாம் என்று அந்த ஆடு பார்க்கிறது!"

பிறகு செம்பிக்கு எட்டாத தூரத்தில் வந்து நின்றது.

"தங்கச்சி, அந்தப் பறவை உன்னைச் சோம்பேறி மூட்டை என்கிறது. உன்னால்தான் பயணமே தாமதமாம்!"

இரண்டும் நரியை விரட்டிவிட்டன. ஆனாலும் சொன்ன சொல் முள்ளாகத் தைத்தது. மறுபடி நடக்கத் தொடங்கியபோது செம்பி ஒதுங்கியே நடந்தது. ஆட்காட்டியும் விலகியே பறந்தது. கடல் அதே கடல்தான். ஆனால் இப்போது யாரும் அதைப் பார்க்கவில்லை.

"ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறீர்கள்?" என்றது நண்டு.

செம்பியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சட்டென்று நின்றது.

"ஏய், நேராகவே கேட்கிறேன். என்னைச் சோம்பேறி மூட்டை என்றாயா?"

"நானா? நீதானே என் சத்தத்தில் காது கிழிகிறது என்றாய்!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே! உனக்கு யார் சொன்னது?"

"நரி! உனக்கு?"

"அதே நரிதான்!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. குபீரென்று சிரிப்பு வந்தது. பிறகு மூன்றும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசின.

ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் வந்தது. நீர் வற்றி, மணல் பரந்து கிடந்தது.

"இனி உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்!" என்று ஆட்காட்டி கத்திவிட்டுப் பறந்தது.

"போ, போ! எனக்கு யாரும் வேண்டாம்!" என்று செம்பியும் கத்தியது.

புதருக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த நரிக்குத் தலைகால் புரியவில்லை. "காரியம் முடிந்தது!" என்று துள்ளியது.

செம்பியின் முதுகில் இருந்த நண்டு மெல்லச் சொன்னது: "மேலே பார்த்தால் மணல். உள்ளே ஆழமான சேறு. சிப்பி கிடக்கிற இடத்தில் மட்டும் காலை வை, அக்கா."

செம்பி சிப்பிகளின் மேலேயே வளைந்து வளைந்து நடந்து தென்கரை ஏறியது. நரியோ குறுக்கே பாய்ந்தது. நாலடி வைப்பதற்குள், சளக்! வயிறுவரை சேற்றில் புதைந்தது.

"தங்கச்சி! காப்பாற்று!"

ஆட்காட்டி திரும்பி வந்து செம்பியின் கொம்பில் உட்கார்ந்தது. "எங்கே, இப்போது ஒரு கோள் சொல் பார்ப்போம்!"

"சாக மாட்டாய், பயப்படாதே!" என்றது நண்டு. "கடல் நீர் ஏறினால் சேறு இளகும். நீந்திப் போய்விடலாம். ஆனால் நீரோட்டம் உன்னை வடகரைக்குத்தான் தள்ளும்!"

அப்படியே நடந்தது. நீர் ஏறியதும் ஊளையன் உடம்பெல்லாம் சேறாக வடகரையில் கரையேறியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது.

மாலை வெயிலில் பாறைமுனை பொன்னாக மின்னியது. செம்பி பாறைக்குப் பாறை தாவி ஏறியது. தங்கை கத்திக்கொண்டே ஓடிவந்தது. குட்டிகள் இரண்டும் பெரியம்மாவை முட்டி முட்டிக் குதித்தன. பாறை இடுக்குகளிலிருந்து நண்டுகள் கூட்டமாக வெளியே வந்து கொடுக்குகளை ஆட்டின. எல்லோருக்கும் மேலே, பரந்த கடலைப் பார்த்தபடி ஆட்காட்டி வட்டமிட்டுப் பறந்தது.

நண்பரைப் பற்றி யாராவது கோள் சொன்னால், மனத்துக்குள் வைத்துப் புழுங்காமல் அந்த நண்பரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டுக்கொள்பவர்களை எந்த வஞ்சகனாலும் பிரிக்க முடியாது.