காற்று எடுத்த ஏழு இறகுகள்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கு நம்மைவிடத் தெளிவாகப் பேச வந்த காலத்தில், தவிட்டுக்குருவிகளுக்கு இந்தத் தவிட்டு நிறமும் கிடையாது, இந்தக் கரகரத்த குரலும் கிடையாது. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று செம்மண் சிவப்பு என்று ஆளுக்கொரு நிறம், குடும்பத்துக்கொரு புதர். எந்தப் புதரில் குடியிருக்கிறார்களோ அதுவே பெயர். ஆவாரஞ்செடியில் இருந்தவள் ஆவாரி. காரைச்செடியில் இருந்தவன் காரையன். ஒருவர் புதரில் இன்னொருவர் கால் வைப்பதில்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி.

பாறையும் முள்ளுமான ஒரு கரட்டில்தான் அத்தனை பேரும் இருந்தார்கள். ஊர்க்காரியம் எதுவானாலும் நன்றாகப் பாடுகிறவர்கள் முடிவு செய்வது அங்கே வழக்கம். ஏன் என்று கேட்காதீர்கள், நம் வழக்கத்துக்கெல்லாம் காரணம் இருக்கிறதா என்ன? மழை முடிந்ததும் பாட்டுப் போட்டி நடக்கும். யாருக்குக் கூட்டம் அதிகம் இறக்கை தட்டுகிறதோ அவர் அடுத்த மழை வரை தலைவர். அந்த வருஷம் இரண்டு பேருக்குச் சமமாகத் தட்டிவிட்டார்கள். ஈச்சம்புதர் ஈச்சன் ஒருவன், சங்கஞ்செடிச் சங்கன் இன்னொருவன்.

அடுத்த மழை வரவேயில்லை. ஓடை வற்றியது, சுனை வற்றியது. பாறை இடுக்கில் ஒரே ஓர் ஊற்று மட்டும் மிஞ்சியது. அந்த ஊற்றங்கரையில் ஒரு சாரைப்பாம்பு வந்து படுத்துக்கொண்டது. புத்தியுள்ள பாம்பு. இரை தேடி அது அலையவில்லை. தாகம் எடுத்தால் ஒவ்வொருவராக இங்கேதானே வரவேண்டும், வரட்டும் என்று கிடந்தது.

ஆவாரியின் புருஷன் அப்படித்தான் போனான். "பிள்ளைகளுக்கு அலகு நனைச்சுட்டு வந்திருதேன்" என்று விடிந்ததும் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள், இறகு முளைக்காதவை. அன்றிலிருந்து ஆவாரி இலைநுனியில் இருக்கும் பனியை நக்கி வந்து அவற்றின் வாயில் விட்டாள். பகலில் இரை, இரவில் காவல். அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலமானால் கூட்டம். ஈச்சன் பாறைமேல் ஏறி, ஆற்றங்கரைத் தோப்பைப் பற்றிப் பாடுவான். கரட்டை விட்டுவிட்டு எல்லோரும் அங்கே பறந்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. கேட்டவர்களுக்கு நாக்கு ஊறும். அடுத்து சங்கன் ஏறி, பிறந்த மண்ணைப் பற்றிப் பாடுவான். போகக்கூடாது என்பது அவன் கட்சி. கேட்டவர்களுக்குக் கண் கலங்கும். இரண்டு பேருக்கும் இறக்கை தட்டிவிட்டுக் கூட்டம் கலையும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே பாம்புக்கும் சேர்த்துக் கொண்டாட்டம். தினமும் காலையில் ஒரு புதர் காலியாகும்.

ஆவாரிக்குப் போவதும் பயம், இருப்பதும் பயம். போனால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் இங்கேயே கிடந்து சாகும். இருந்தால் தாகத்தில் சாகும். ஒரு நாள் சங்கன் மூன்றாவது சரணத்தை எடுத்தபோது அவளுக்கு அலுத்துப் போய்விட்டது.

"அண்ணாச்சிமாரே, நீங்க நல்லாத்தான் பாடுதீக," என்றாள். "எம் பிள்ளைக்குத் தொண்டை காயுது. யாராவது ஏழு பேர கண்ண மூடிக்கிட்டு எடுங்க. பாடத் தெரிஞ்சவனும் வேண்டாம், தெரியாதவனும் வேண்டாம், எவன் வாறானோ வரட்டும். உக்காந்து பேசி ஒரு முடிவச் சொல்லட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அவள் எண்ணமெல்லாம். ஆனால் கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. ஏழு பேரில் நாலு பேர் நம்ம ஆளாகத்தான் இருப்பார்கள் என்று ஈச்சனும் நினைத்தான், சங்கனும் நினைத்தான். அதனால் இருவரும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்கள்.

எடுப்பது யார்? யார் எடுத்தாலும் சந்தேகம் வரும். மேல்காற்று எடுக்கட்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் ஆளுக்கோர் இறகைப் பிடுங்கிப் பாறைக்குழியில் போட வேண்டும். காற்று தூக்கிப் போய் எதிரே இருக்கும் சூரைமுள்ளில் முதலில் மாட்டும் ஏழு இறகுக்குச் சொந்தக்காரர்கள் அந்தப் புதரடியில் உட்கார வேண்டும். ஒரே முடிவாகச் சொல்லும்வரை வெளியே வரக்கூடாது. அதுவரை அவர்கள் கூட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று ஆவாரி தன் உடம்பிலேயே சின்ன இறகாகப் பார்த்துப் போட்டாள். சின்னது அடியில் கிடக்கும் என்று கணக்கு. காற்றுக்கு எது லேசோ அதுதான் முதலில் கிளம்பும் என்பது, பாவம், ஒரு பறவைக்கே அன்றைக்குத் தோன்றவில்லை. முதல் முள்ளில் மாட்டியது அவள் மஞ்சள் இறகுதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாள்.

குஞ்சுகளைப் பக்கத்துப் புதர்க்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மற்ற ஆறு பேரைப் பார்த்ததும் மனசு இன்னும் சோர்ந்தது. காரையன் இருந்தான். அவன் பெண்சாதியைப் பாம்பு கொண்டுபோய், குஞ்சுகளும் செத்து, எதிலும் பிடிப்பில்லாமல் திரிந்தவன். இண்டங்கொடியில் குடியிருந்த இண்டி இருந்தாள். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் இல்லை. மிச்சம் நாலு பேரில் இரண்டு பேர் சண்டைக்காரர்கள், ஒருவன் தூங்குமூஞ்சி, ஒருவனுக்குக் காது மந்தம்.

முதல் நாள் முழுக்க ஈச்சன் சொன்னதையும் சங்கன் சொன்னதையுமே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பாட்டு மட்டும்தான் இல்லை. காது மந்தமானவனுக்காக எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. புதர் அடியில் புழுதி. இறக்கையை அடித்து அடித்துப் பேசியதில் புழுதி பறந்து மேலெல்லாம் படிந்தது.

மறுநாள் கடன் வாங்கிய பேச்செல்லாம் தீர்ந்து போயிற்று. சொந்தப் பேச்சு வெளியே வந்தது.

"போயிருவோம்," என்றான் காரையன். "இங்க என்ன இருக்கு?"

"ஒன் கூடு காலிங்கிறதுக்காக எங்கூட்டையும் காலி பண்ணச் சொல்லுதியாண்ணே?" என்று ஆவாரி சீறினாள். சொன்ன மறுநொடியே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று தவித்தாள். காரையன் காலால் புழுதியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அப்போது இண்டி வாயைத் திறந்தாள். "அண்ணே, மதினியப் பாம்பு புடிச்சப்ப நானும் ஊத்துலதான் இருந்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது மதினியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பின்னால இறங்கித் தண்ணி குடிச்சேன். வயிறு நெறையக் குடிச்சேன். அதுக்குப் பெறகு ஒங்க மொகத்துல முழிக்க முடியல."

சண்டைக்காரர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆவாரி புருஷன் போன அன்னைக்கு நானும் அப்படித்தான் குடிச்சேன்," என்றான். தூங்குமூஞ்சியும் வேறொரு நாளைச் சொன்னான். ஊர் நடுவே பாறைமேல் ஏறி யாராவது இதைச் சொல்வார்களா? கூட்டத்தில் சொல்லியிருந்தால் கொத்தியே கொன்றிருப்பார்கள்.

ஆவாரிக்கு அந்தச் சண்டைக்காரன் கண்ணைக் கொத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவளுக்குக் கோபப்படக்கூடக் களைப்பு. தானும் அங்கே இருந்திருந்தால் குடித்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும். குஞ்சுகளின் காய்ந்த வாய்தான் கண்ணுக்குள் நின்றது.

"அப்ப அந்தப் பாம்பால ஒரு நேரத்துல ஒருத்தரத்தான் பாக்க முடியும்," என்றான் காரையன் மெதுவாக. "நாம ஏழு பேரும் ஒண்ணாப் போனா?"

மறுபடியும் கத்தல் தொடங்கியது. யார் முன்னால் போவது, யார் பின்னால், யாராவது செத்தால் என்ன செய்வது என்று மூன்றாம் நாள் பொழுது சாயும்வரை கத்தினார்கள். பிறகு புதரைவிட்டு வெளியே வந்தார்கள். ஊருக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, ஏழும் ஒரே தவிட்டு நிறம். கத்திக் கத்தித் தொண்டையும் போயிருந்தது.

"போகவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். இனிமே தண்ணிக்கு எவரும் தனியாப் போகக்கூடாது," என்றாள் ஆவாரி. "மொதல்ல நாங்க போறோம்."

காரையன் உயரமான பாறையில் ஏறி நின்று பார்த்துக்கொண்டான். மற்றவர்கள் ஊற்றைச் சுற்றி இறங்கினார்கள். பாம்பு தலையைத் தூக்கியதும் அவன் குரல் கொடுத்தான். அவ்வளவுதான், ஆறு பேரும் இறக்கையை அடித்துக்கொண்டு ஆறு பக்கமிருந்தும் கத்தினார்கள். பாம்பு இங்கே திரும்பியது, அங்கே திரும்பியது. எல்லாம் ஒரே நிறம். யாரைப் பிடிப்பது என்று பார்ப்பதற்குள் ஒருவர் மாற்றி ஒருவர் குடித்துவிட்டார்கள். பாம்பு வெறுத்துப்போய் வளைக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

ஆவாரி ஈர அலகோடு கூட்டுக்கு ஓடினாள். பக்கத்துப் புதர்க்காரி குறை வைக்கவில்லை, இரை கொடுத்துத்தான் இருந்தாள். இரைக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான்; இலைநுனிப் பனியும் போதவில்லை. இரண்டு குஞ்சில் ஒன்றுதான் வாயைத் திறந்தது. அதன் வாயில் தண்ணீரை விட்டுவிட்டு, மற்றதன் பக்கத்தில் ஆவாரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் முன்னால் முடிவு செய்திருக்கலாமோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு சாகும்வரை அவளைவிட்டுப் போகவில்லை.

ஊர் திரண்டு வந்து, "இனிமே நீங்க ஏழு பேருமே எங்களுக்குத் தலைவரா இருங்க" என்றது.

"வேண்டாம்," என்றாள் ஆவாரி. "ஈச்சனையும் சங்கனையும் மாதிரி எங்களுக்கும் பாறைமேல ஏறிப் பழகிப்போகும். அடுத்த காரியத்துக்குக் காத்து வேற ஏழு பேர எடுக்கட்டும். எனக்கு இப்ப தூக்கம் வருது."

ஆனால் அவள் தூங்கவில்லை. ஊற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது காரையன் இன்னும் பாறைமேல் நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள், காவல் நின்றவன் குடிக்கவில்லை. மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டுக்கொண்டு ஆவாரி திரும்பி வந்தாள். அவன் நின்ற பாறையில் ஏறி நின்றுகொண்டு, "எறங்கிக் குடிண்ணே, நான் பாத்துக்கிடுதேன்," என்றாள்.

அடுத்தடுத்த காரியத்துக்கு ஏழேழு பேராக ஊரே அந்தப் புழுதியில் உட்கார்ந்து கத்தி எழுந்தது. அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் பாட்டை மறந்து, புழுதி நிறத்தில், ஆறேழு பேராகவே தரையில் திரிகின்றன. ஓயாமல் சண்டைபோல் கத்துகின்றன, பாம்பைக் கண்டால் ஒன்றாகக் கத்துகின்றன. தண்ணீருக்கு இறங்கும்போது ஒன்று மேலே காவல் இருக்கும். அது இறங்கி வந்து குடித்து முடிக்கும்வரை, எவ்வளவு களைத்திருந்தாலும், மற்றவை அந்த இடத்தைவிட்டுக் கிளம்புவதில்லை.