இடம் காட்டியவர் பங்கு

கருத்திருமன் மலையடிவார மடத்தில் ஒரு மண்டலம் மௌன விரதம் இருந்தார். அரிசி ஆலை நடத்தி, ஆட்களை அதட்டியே பழகிய வாய் அது. அதைக் கட்டுவதென்றால் லேசான காரியமா? ஆனாலும் கட்டிவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடைசி நாள் பொழுது சாய்ந்ததும் விரதம் முடிகிறது. முறியாமல் முடித்தால் மறுநாள் காவி தருவதாக மடத்துத் தாய் மயிலாத்தாள் சொல்லியிருந்தார். வயதில் அவர் கருத்திருமனுக்கு இளையவர்தான்.

அன்று மத்தியானம் கருத்திருமன் சுள்ளி பொறுக்க மேட்டுக்குப் போனார். கீழே நாய்கள் குரைத்தன. மலையூர்க்காரர்கள் வேட்டைக்கு இறங்கியிருந்தார்கள். திடீரென்று ஒரு முயல் ஓடிவந்து, அவர் காலருகே ஒரு கணம் நின்று, பக்கத்துப் புதருக்குள் ஒடுங்கிக்கொண்டது.

பின்னாலேயே மலையூர்ப் பொம்மன் வந்தான். இடுப்பில் கவுதாரிகள், கையில் தடி.

“சாமி, முயல் எந்தப் பக்கம் போச்சு?”

கருத்திருமன் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

“விரதமா? தெரியாமக் கேட்டுட்டேன் சாமி” என்று அவன் திரும்பினான்.

அப்பாடா என்றிருந்தது கருத்திருமனுக்கு. முயல் பத்திரமாக இருக்கிறதா என்று புதரை ஒரு முறை பார்த்தார். அதே நேரம் பொம்மனும் திரும்பிப் பார்த்தான்.

ஒரே அடி.

கருத்திருமன் சுள்ளியைப் போட்டுவிட்டு மடத்துக்கு ஓடிவந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்த பிறகு பொம்மன் வந்தான். ஓர் இலைப் பொட்டலத்தை அவர் முன் வைத்துப் பிரித்தான். உள்ளே முயலின் தலை. கண் திறந்தே இருந்தது.

“ஐயோ! என்னப்பா இது?” ஒரு மண்டலத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

“உங்க பங்கு சாமி. இடம் காட்டினவருக்குத்தான் தலை. அது எங்க வழக்கம்.”

“நான் எங்கே காட்டினேன்? ஒரு வார்த்தை பேசினேனா?”

“பேசலை சாமி. பாத்தீங்க.”

“அது தப்பிச்சுப் போகட்டும்னுதானே பாத்தேன்!”

பொம்மன் அவரை விநோதமாகப் பார்த்தான். “அட, அதை வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? மடத்துச் சாமி விடச் சொன்னா விடமாட்டோமா? நாயை இழுத்துக்கிட்டுப் போயிருப்போமே.”

அவன் போன பிறகும் அந்த இலையைத் தொடக் கருத்திருமனுக்குத் துணிவு வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் நின்றிருந்தார் மயிலாத்தாள்.

“விரதம் முறிஞ்சுதா?” என்று கேட்டார்.

“இல்லை தாயே. முறியலை.”

மயிலாத்தாள் குனிந்து இலையோடு தலையை எடுத்து அவர் இரண்டு கைகளிலும் வைத்தார். கருத்திருமன் பதறினார். கீழே போடவும் முடியவில்லை.

“தாயே, அப்போ எனக்குக் காவி கிடையாதா?”

“உங்ககிட்ட ஓடி வந்துச்சே, அது காவியப் பாத்தா வந்துச்சு?”